கணக்காய்வாளரும் நடுவுநிலையும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம்மவர் பழமொழி. அளந்தவனே அளவை எழுதி, எழுதியதைச் சரியென்று தானே சொல்லிவிட்டால், அதனை மற்றவர் நம்புவது எங்ஙனம் என்னும் கேள்விக்கு அப்பழமொழி விடை கூறவில்லை. உலக வாணிகம் அக்கேள்விக்கு விடை தேடிய வரலாற்றையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

நம் ஊர்களிலே கூட்டுறவுச் சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டங்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். தலைவர் உரை முடிந்து, செயலாளர் அறிக்கை முடிந்து, கணக்கறிக்கை வாசிக்கப்படும் வேளையில் மண்டபத்திலே தேநீரின் ஓசைதான் பெரிதாகக் கேட்கும். “இக்கணக்குகள் உண்மையான நிலையைக் காட்டுகின்றன” என்று பொருள்படும் ஒரு வாக்கியமும், அதன் கீழ் ஒருவரின் கையொப்பமும் அவ்வறிக்கையின் இறுதியில் இருக்கும். அதனை ஊன்றிக் கேட்பவர் மிகச் சிலரே. ஆயினும் அந்த ஒரு வாக்கியத்தை நம்பியே உறுப்பினர் தம் சேமிப்பைச் சங்கத்தில் விட்டுச் செல்கின்றனர். வங்கி கடன் கொடுப்பதும், அரசு வரி கணிப்பதும் அவ்வாக்கியத்தை நம்பியே. கையொப்பமிட்டவர் சங்கத்தின் ஊழியரல்லர். ஆனால் அவருக்குரிய கட்டணத்தைக் கொடுப்பது அச்சங்கமே. இந்த முரண்பாடே நம் கதையின் கரு.

கணக்காய்வாளரை ஆங்கிலத்தில் ஓடிட்டர் என்பர். அச்சொல் இலத்தீன் மொழியிலே கேட்டல் என்னும் பொருளுடைய வேரினின்றும் பிறந்தது. இடைக்கால இங்கிலாந்திலே பெருநிலக்கிழார்களின் காரியஸ்தர்கள், விளைந்த தானியம் இவ்வளவு, விற்ற மந்தை இவ்வளவு, செலவிட்ட பணம் இவ்வளவு என்று கணக்கினை உரத்து வாசிப்பர். அதனைக் கேட்டுக் குறை காண்பதற்கென ஒருவர் அமர்ந்திருப்பார். எழுத்தறிவு அருகியிருந்த அக்காலத்தில் செவியே கணக்காய்வின் கருவியாக இருந்தது. வானொலியின் முன் அமர்ந்திருக்கும் நேயர்கள் இச்சொல்லுக்கு ஒருவகையில் உறவினர் எனலாம்.

வாணிகம் பெருகிய இத்தாலிய நகரங்களிலே இரட்டைப் பதிவு முறை வளர்ந்தது. அம்முறையை விளக்கி லூக்கா பச்சியோலி என்னும் துறவி எழுதிய நூல் 1494ஆம் ஆண்டிலே வெனிஸ் நகரில் அச்சாயிற்று. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரு பக்கத்திலும் பதிந்து, முடிவிலே இருபக்கத் தொகையும் ஒத்திருக்கின்றனவா எனப் பார்க்கும் இம்முறை, தவறுகளைக் காட்டிக்கொடுக்கும் வலிமை வாய்ந்தது. ஆயின், இருபக்கமும் ஒத்த கணக்கெல்லாம் உண்மைக் கணக்கு என்று கொள்ளல் ஆகாது. பொய்யையும் இரு பக்கத்தில் எழுதலாம். அதுவும் ஒத்து வரும்.

இவ்வுண்மையை இங்கிலாந்து 1720இலே பெருவிலை கொடுத்து அறிந்தது. தென்கடற் கம்பனியின் பங்குகள் அவ்வாண்டிலே விண்ணளவு ஏறி, சில மாதங்களில் மண்ணில் வீழ்ந்தன. பிரபுக்களும் கைம்பெண்களும் ஒருங்கே பொருள் இழந்தனர். பாராளுமன்றம் விசாரணை தொடங்கியது. அக்காலத்தில் சார்ள்ஸ் ஸ்னெல் என்னும் எழுத்தாசிரியர், அக்கம்பனியோடு தொடர்புடைய சோபிரிட்ஜ் நிறுவனத்தின் ஏடுகளைப் பரிசீலித்து ஓர் அறிக்கை எழுதினார். வெளியார் ஒருவர் கம்பனிக் கணக்கினை ஆராய்ந்து எழுதிய முதல் அறிக்கைகளுள் ஒன்றாக வரலாற்றாசிரியர் அதனைக் குறிப்பர்.

கணக்காய்வு ஒரு தனித் தொழிலாக மலர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே. புகையிரதப் பாதைகள் அமைக்கவும் ஆலைகள் எழுப்பவும் பெருந்தொகைப் பணம் வேண்டியிருந்தது. முகம் அறியாத ஆயிரம்பேர் பணம் போட, ஒருசிலர் அதனை ஆளும் முறை தோன்றிற்று. பணம் போட்டவர் ஓரிடத்தில், ஆள்பவர் வேறிடத்தில்; இரு சாராரிடையே பாலமாக நின்றது கணக்கு மட்டுமே. 1844ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம் கம்பனிகள் ஐந்தொகை வைக்கவேண்டும் எனவும், கணக்காய்வாளர் அதனைப் பார்க்கவேண்டும் எனவும் விதித்தது. அக்காலக் கணக்காய்வாளரோ பெரும்பாலும் பங்குதாரருள் ஒருவர். கணக்குப் பயிற்சி பெற்றவரல்லர். அவ்விதியும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1856இன் சட்டம் கணக்காய்வைக் கம்பனிகளின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது.

இக்காலத்திலே உலகப் புகழ்பெற்ற கணக்காளர் நிறுவனங்களின் வித்துக்கள் ஊன்றப்பட்டன. வில்லியம் வெல்ச் டெலொயிட் 1845இலே இலண்டனில், வங்குரோத்து நீதிமன்றத்தின் எதிரே அலுவலகம் திறந்தார். அவ்விடத்தை அவர் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு: வீழ்ந்த வணிகரின் ஏடுகளை ஒழுங்குபடுத்துவதே அன்று கணக்காளரின் முதன்மையான பிழைப்பு. சாமுவேல் லோவெல் பிரைஸ் 1849இலும், வில்லியம் கூப்பர் 1854இலும் தத்தம் தொழிலைத் தொடங்கினர். அதே 1854இல் ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரக் கணக்காளர் சங்கம் அரச பட்டயம் பெற்றது. பட்டயக் கணக்காளர் என்னும் பெயர் அங்கே பிறந்தது. மருத்துவரையும் நியாயதுரந்தரரையும் போலத் தமக்கும் பயிற்சி, பரீட்சை, ஒழுக்க விதி ஆகியன வேண்டுமென அவர்கள் கருதினர். கிளாஸ்கோ நகரத்தார் 1855இலும், இங்கிலாந்து, வேல்ஸ் கணக்காளர் 1880இலும் பட்டயம் பெற்றனர்.

ஆயினும் பட்டயம் இருந்ததனால் மட்டும் மக்கள் பணம் காக்கப்படவில்லை. கிளாஸ்கோ நகர வங்கி 1878 ஒக்டோபர் 2ஆம் நாள் கதவை மூடியது. அதன் ஐந்தொகை பல ஆண்டுகளாகவே பொய் சொல்லி வந்தது. வாராக் கடன்கள் நல்ல கடன்களாகக் காட்டப்பட்டன. இல்லாத பொன் கையிருப்பாகக் காட்டப்பட்டது. நட்டத்தின் நடுவிலும் இலாபப் பங்கு கொடுக்கப்பட்டது. குறைவிழுந்த தொகை 50 இலட்சம் பவுணுக்கு மேற்பட்டது. அவ்வங்கி வரையறுத்த பொறுப்புடையதன்று. ஆதலின் முழுக் கடனும் பங்குதாரர் தலையில் விழுந்தது. நூறு பவுண் பங்கு வைத்திருந்தவர் 2,750 பவுண் கட்டவேண்டியதாயிற்று. 1,800 பேருக்கு மேற்பட்ட பங்குதாரருள் கடன் தீர்த்து நிமிர்ந்து நின்றவர் ஏறக்குறைய 250 பேரே. கணவன் விட்டுச்சென்ற சிறு பங்கினை நம்பி வாழ்ந்த கைம்பெண்டிரும், திருமணமாகாத சகோதரிகளும், ஊர்ப் போதகர்களும் வீட்டையும் தட்டுமுட்டையும் இழந்தனர். பணிப்பாளரும் முகாமையாளரும் 1879இலே சிறை சென்றனர். எனினும் போன பொருள் மீளவில்லை. அவ்வாண்டிலேயே, வரையறுத்த பொறுப்புடையனவாகப் பதியப்படும் வங்கிகளுக்குக் கணக்காய்வு கட்டாயமாக்கப்பட்டது. 1900இன் சட்டம் பதிவு பெற்ற கம்பனிகள் அனைத்திற்கும் அக்கட்டாயத்தை விரித்தது.

நேயர்கள் இங்கே ஒரு போக்கினைக் கவனித்தல் வேண்டும். முதலில் பேரழிவு வரும். அதன் பின்னர் சட்டம் வரும். கணக்காய்வின் வரலாறு முழுவதிலும் இவ்விரண்டும் முன்னும் பின்னுமாக நடந்துவரக் காணலாம்.

கணக்காய்வாளரின் கடமை எவ்வளவு தூரம் செல்லும் என்னும் வினாவும் எழுந்தது. கிங்ஸ்ரன் பஞ்சாலை வழக்கிலே, முகாமையாளர் சரக்கிருப்பை ஆண்டுதோறும் மிகைப்படுத்திக் காட்டிவந்தார். கணக்காய்வாளர்கள் அவர் கொடுத்த சான்றையே நம்பினர். 1896இலே தீர்ப்பு வழங்கிய நீதியரசர் லோப்பஸ், கணக்காய்வாளர் வீட்டைக் காக்கும் நாயைப் போன்றவரேயன்றி, மோப்பம் பிடித்து வேட்டையாடும் நாயைப் போன்றவரல்லர் என்னும் கருத்தினைக் கூறினார். ஐயத்துக்கு இடம் தோன்றாதவிடத்து முகாமையாளர் சொல்லை அவர்கள் நம்பியதில் தவறில்லை என்பது முடிவு. அத்தீர்ப்பு இத்தொழிலாருக்கு ஆறுதல் அளித்தது. ஆனால் காவல் நாய்க்கு உணவிடுபவனே திருடனாயின் அது குரைக்குமா என்னும் கேள்வி அங்கே எழுப்பப்படவில்லை.

பிரித்தானிய மூலதனத்தைத் தொடர்ந்து கணக்காளரும் அத்திலாந்திக் கடலைக் கடந்தனர். பிரைஸ் வோட்டர்ஹவுஸ் நிறுவனத்தின் பிரதிநிதி 1890இலே நியூயோர்க்கில் அமர்ந்தார். ஐக்கிய அமெரிக்க உருக்குக் கூட்டுத்தாபனத்தின் பங்குதாரர், 1902இலே அந்நிறுவனத்தைத் தம் கணக்காய்வாளராகத் தெரிந்தனர். எனினும், 1929இலே பங்குச் சந்தை சரியும் வரையில் அமெரிக்காவில் வெளியார் கணக்காய்வை மத்திய சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை.

சரிவின் பின்னர், 1933இலே அமெரிக்க செனற் சபையின் குழுவொன்று புதிய சட்டத்தை ஆராய்ந்தது. கம்பனிகளின் கணக்கை அரசாங்க உத்தியோகத்தர் பார்ப்பதா, தனியார் கணக்காளர் பார்ப்பதா என்பது வாதம். நியூயோர்க் கணக்காளர் சங்கத் தலைவரான ஆதர் காட்டர் என்பவர், அப்பணியைத் தம் தொழிலாரிடமே விடவேண்டும் என வேண்டினார். அப்படியாயின் உங்களை ஆய்வு செய்பவர் யார் என்று செனற்றர் பார்க்லி வினவினார். எங்கள் மனச்சாட்சியே என்பது காட்டர் தந்த விடை. சபை அவ்விடையை ஏற்றுக்கொண்டது. மக்களிடம் பங்கு விற்கும் கம்பனியின் கணக்குக்குச் சார்பற்ற கணக்காளரின் சான்று வேண்டும் எனச் சட்டம் விதித்தது. இவ்வாறு ஒரு தனியார் தொழிலுக்குப் பொதுமக்கள் சார்பான காவல் அதிகாரம் கையளிக்கப்பட்டது. அதற்குப் பிணையாக வைக்கப்பட்டது மனச்சாட்சி.

அப்பிணை விரைவிலேயே சோதனைக்குள்ளாயிற்று. மருந்து வாணிகம் செய்த மக்கெசன் அன்ட் ராபின்ஸ் கம்பனியின் 8 கோடி 70 இலட்சம் டொலர் சொத்தில், ஏறத்தாழ 2 கோடி டொலர் வெறும் கற்பனை என்பது 1938இலே வெளியாயிற்று. பண்டகசாலையில் இருந்ததாக எழுதப்பட்ட மருந்து அங்கே இல்லை. கடன்பட்டோராக எழுதப்பட்டோரும் இல்லை. தலைவராக இருந்தவரோ பொய்ப் பெயர் பூண்டிருந்த பழைய குற்றவாளி. கணக்காய்வாளர் தாள்களைப் பார்த்தனரேயன்றிப் பண்டகசாலையைத் திறந்து பார்த்திலர். கிங்ஸ்ரன் தீர்ப்பு வந்து 42 ஆண்டுகள் கழிந்திருந்தன. இனிமேல் சரக்கிருப்பு எண்ணப்படுவதை நேரிற் காணவேண்டும், கடன்பட்டோருக்கு நேரே எழுதிக் கேட்கவேண்டும் என்னும் விதிகள் 1939இலே தோன்றின.

இப்போது ஒரு தனி நிறுவனத்தின் கதைக்கு வருவோம். ஆதர் அன்டர்சன் 1885இலே, நோர்வேயிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் பிறந்தார். இளமையிலேயே தாய்தந்தையரை இழந்தவர், பகலில் தபால் சுமக்கும் சிறுவனாக வேலை பார்த்து, இரவில் கல்வி கற்றார். 23 வயதிலே அம்மாநிலத்தின் மிக இளைய சான்றுபெற்ற கணக்காளரானார். 1913இலே ஒரு பங்காளியுடன் சிக்காகோவிற் சொந்த நிறுவனம் தொடங்கினார். நேராகச் சிந்தி, நேராகப் பேசு என்பது தாய் அவருக்குச் சொன்ன அறிவுரை. அதுவே நிறுவனத்தின் கொள்கைமொழியும் ஆயிற்று.

அந்நிறுவனத்தார் தம் புதிய ஊழியர்க்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கதை ஒன்றுண்டு. தொடக்க நாளிலே, ஊழியர்க்குச் சம்பளம் கொடுப்பதே கடினமாக இருந்த வேளையில், ஒரு புகையிரதக் கம்பனித் தலைவர் தாம் விரும்பியவாறு இலாபத்தைக் காட்டும் கணக்குக்கு ஒப்பமிடுமாறு அன்டர்சனை வற்புறுத்தினாராம். சிக்காகோ நகரின் பணம் முழுவதையும் கொடுத்தாலும் அதனைச் செய்யேன் என அவர் மறுத்தாராம். அவ்வாடிக்கை கைவிட்டுப் போயிற்று. சில மாதங்களில் அந்தப் புகையிரதக் கம்பனியும் வீழ்ந்தது. அன்டர்சனின் பெயரோ உயர்ந்தது. 1947இலே அவர் மறைந்தபின் தலைமையேற்ற லெனாட் ஸ்பசெக், கணக்கியல் விதிகளின் தளர்ச்சியைத் தம் தொழிலாருக்கே எடுத்துரைத்து, கணக்கியலுக்கென ஒரு நீதிமன்றம் வேண்டும் என 1957இலே வாதிட்டார். எட்டுப் பெரிய நிறுவனங்களுள் கண்டிப்புக்குப் பெயர்போனது அன்டர்சன் நிறுவனமே.

வீழ்ச்சியின் வித்தும் வளர்ச்சியிலேயே இருந்தது. ஜெனரல் எலக்ட்றிக் கம்பனியின் ஊழியர் சம்பளத்தைக் கணனியிற் கணிக்கும் முறையை 1950களின் நடுப்பகுதியிலே அன்டர்சன் நிறுவனத்தார் அமைத்துக் கொடுத்தனர். வாணிகத்துறையிலே கணனி புகுந்த முதல் முயற்சிகளுள் அது ஒன்று. அதிலிருந்து ஆலோசனைத் தொழில் கிளைத்தது. கணக்காய்வின் கட்டணம் சிறிது. ஆலோசனையின் கட்டணம் பெரிது. 1970களிலே, போட்டி விலை கேட்டலுக்கும் விளம்பரத்துக்கும் அமெரிக்கக் கணக்காளர் சங்கம் விதித்திருந்த தடைகள் நீங்கின. கட்டணம் மேலும் குறைந்தது. கணக்காய்வு, ஆலோசனை வாணிகத்துக்கு வாசற்கதவாக மாறலாயிற்று. ஆலோசனைப் பிரிவு 1989இலே தனி அமைப்பாகி, நெடும்பிணக்கின் பின்னர் 2001இலே அக்சென்ச்சர் என்னும் புதுப்பெயருடன் முற்றாகப் பிரிந்து சென்றது. எஞ்சிய கணக்காய்வுப் பிரிவோ, இழந்த வருமானத்தை ஈடுசெய்யத் தானே மீண்டும் ஆலோசனை விற்கத் தொடங்கியது.

ஹூஸ்ரன் நகரத்து என்ரோன் கம்பனி அதன் பெரிய வாடிக்கையாளருள் ஒன்று. 2000ஆம் ஆண்டில் மட்டும் கணக்காய்வுக்காக 2 கோடி 50 இலட்சம் டொலரும், பிற சேவைகளுக்காக 2 கோடி 70 இலட்சம் டொலரும் அக்கம்பனி அன்டர்சன் நிறுவனத்துக்குக் கொடுத்தது. நேயர்களே, இவ்விரு தொகைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். காவற்கூலியினும் காவலன் பெறும் பிற வரவு பெரிதாக இருந்தது. கணக்குகளைக் குறித்து ஐயம் எழுப்பும் கணக்காய்வாளர் ஒருவர், ஒரே வாக்கியத்தால் இரு வருமானத்தையும் இழக்கக்கூடிய நிலை.

என்ரோன் தன் கடன்களைப் பக்கத்து அமைப்புக்கள் பலவற்றில் மறைத்து வைத்திருந்தது. 2001 நவம்பரிலே, முந்திய ஆண்டுகளில் தான் காட்டிய இலாபத்தில் 58 கோடி டொலருக்கு மேல் உண்மையன்று என அதுவே ஒப்புக்கொண்டது. 2000 ஓகஸ்ற்றில் 90 டொலருக்கு விலைபோன பங்கு ஒரு டொலருக்கும் கீழே இறங்கியது. 2001 டிசெம்பர் 2ஆம் நாள் கம்பனி வங்குரோத்து அடைந்தது. ஊழியர் பலர் தம் முதுமைக்கால சேமிப்பைக் கம்பனிப் பங்குகளிலேயே வைத்திருந்தனர். வேலையும் சேமிப்பும் அவர்களுக்கு ஒருங்கே மறைந்தன. விசாரணை வரப்போகின்றது என்னும் வேளையில், அன்டர்சன் நிறுவனத்தின் ஹூஸ்ரன் அலுவலகத்தில் என்ரோன் தொடர்பான தாள்கள் மூட்டை மூட்டையாகக் கிழித்து அழிக்கப்பட்டன. ஏடுகளைக் காப்பதே தொழிலாகக் கொண்டோர் ஏடுகளை அழித்தனர் என்னும் செய்தி உலகெங்கும் பரவிற்று.

2002 ஜூன் 15ஆம் நாள் யூரிமார் அந்நிறுவனத்தைக் குற்றவாளியெனக் கண்டனர். ஓகஸ்ற் 31உடன் அது பொதுக் கம்பனிகளின் கணக்காய்வைக் கைவிட்டது. உலகெங்கும் ஏறக்குறைய 85,000 பேர் பணியாற்றிய வீடு கலைந்தது; என்ரோன் என்னும் பெயரைத் தவிர அதனோடு எவ்விதத் தொடர்பும் அற்றவரே அவருட் பெரும்பாலோர். 2005 மே மாதத்தில் அமெரிக்க உயர் நீதிமன்றம், யூரிமாருக்குத் தரப்பட்ட சட்ட விளக்கம் பிழையானது என்று அத்தீர்ப்பை ஒருமனதாக நீக்கியது. தீர்ப்பு மீண்டது, நிறுவனம் மீளவில்லை. கணக்காளர் வீட்டின் முதல், கட்டடமும் பணமும் அன்று, பெயரே. பெயர் போனபின் வழக்கில் வென்றும் பயனில்லை.

அதே 2002இலே வேர்ள்ட்கொம் என்னும் தொலைத்தொடர்புக் கம்பனியின் பெரும் மோசடியும் வெளிப்பட்டது. அதற்கும் கணக்காய்வாளராக இருந்தவர் அன்டர்சன் நிறுவனத்தாரே. ஆனால் அம்மோசடியைக் கண்டுபிடித்தோர், கம்பனியின் சம்பளம் பெற்ற உள்ளகக் கணக்காய்வாளர் சிலர். மேலாளர் தடுத்தும் இரவிலே ஏடுகளைத் தேடி அவர்கள் உண்மையை வெளிக்கொணர்ந்தனர். சார்பின்மை என்பது சட்டத்தில் எழுதப்படும் நிலை மட்டுமன்று, உள்ளத்தின் உறுதியுங்கூட என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பேரழிவின் பின்னர் வழக்கம்போலச் சட்டம் வந்தது. 2002 ஜூலை 30ஆம் நாள் ஒப்பமிடப்பட்ட சாபேன்ஸ்–ஒக்ஸ்லி சட்டம், கணக்காய்வாளரை மேற்பார்வை செய்ய ஒரு சபையை நிறுவியது. தாம் ஆயும் கம்பனிக்கே பலவகைச் சேவைகளை விற்பதைத் தடுத்தது. உங்களை ஆய்பவர் யார் என்று 1933இலே கேட்கப்பட்ட வினாவுக்கு, 69 ஆண்டுகளின் பின்னர் மனச்சாட்சியோடு ஒரு சபையும் விடையாகச் சேர்ந்தது. பொதுநலன் சார்ந்த கம்பனிகள் பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்காய்வாளரை மாற்றுவதைப் பொதுவிதியாக்கி, சில நிபந்தனைகளின் பேரில் அக்காலத்தை நீட்டவும் இடமளித்து, ஐரோப்பிய ஒன்றியம் 2014இலே சட்டம் இயற்றியது. இலங்கையிலே பட்டயக் கணக்காளர் நிறுவகம் 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. 1995ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் கணக்கீட்டு, கணக்காய்வு நியமங்களைக் கண்காணிக்கும் சபையைத் தோற்றுவித்தது.

இவற்றால் நோய் தீர்ந்ததா? எட்டாக இருந்த பெரிய நிறுவனங்கள் 1989இன் இணைப்புக்களால் ஆறாகி, 1998இல் ஐந்தாகி, அன்டர்சன் வீழ்ச்சியால் நான்காயின. உலகின் பெருங்கம்பனிகளிற் பெரும்பாலானவற்றை இந்நான்குமே ஆய்கின்றன. இன்னொன்று வீழுமாயின் எஞ்சுவது மூன்றே என்னும் அச்சம், தண்டிக்கும் கையையும் தயங்கச் செய்கின்றது. ஜேர்மனியின் வயர்காட் கம்பனி, வங்கியில் இருப்பதாகக் காட்டிய 190 கோடி யூரோவைக் காணவில்லை என 2020 ஜூனிலே சரிந்தது. பல ஆண்டுகள் அதனை ஆய்ந்த இ.வை. நிறுவனத்துக்கு, புதிய பொதுநலக் கம்பனிகளின் கணக்காய்வை இரண்டாண்டுகள் ஏற்கலாகாது என ஜேர்மன் மேற்பார்வையாளர் 2023இலே தடை விதித்தனர். 1938இன் பண்டகசாலை, 2020இலே வங்கிக் கணக்காக மாறியிருந்தது. அந்நிறுவனத்தின் அமெரிக்கக் கிளையிலே, தொழில் ஒழுக்கப் பரீட்சையில் ஊழியர் பலர் பிறர் விடையைப் பார்த்து எழுதியமைக்காக 2022இலே 10 கோடி டொலர் தண்டம் விதிக்கப்பட்டதும் இங்கு நினைக்கத்தக்கது. கணக்காய்வையும் ஆலோசனையையும் இரு வேறு நிறுவனங்களாகப் பிரிக்க அந்நிறுவனத்தார் 2022இலே வகுத்த திட்டம், பங்காளரிடையே உடன்பாடின்றி 2023 ஏப்பிரலிலே கைவிடப்பட்டது. அன்டர்சன் வீட்டைப் பிளந்த பழைய பிணக்கு வேறு வீட்டிலே மீண்டும் எழுந்ததெனலாம்.

சிறிய, தனித்து நிற்கும் நிறுவனங்களின் நிலை வேறு. ஒரு நகரில் ஐந்தாறு பங்காளருடன் இயங்கும் கணக்காளர் வீட்டுக்கு, ஒரு பெரிய வாடிக்கையே ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதியாக இருக்கலாம். பெரிய நிறுவனத்துக்கு என்ரோன் எப்படியோ, சிறிய வீட்டுக்கு அவ்வாடிக்கை அப்படி. நியமங்களோ ஆண்டுதோறும் பெருகுகின்றன. அவற்றைக் கற்கவும் கணனிக் கருவிகளை வாங்கவும் செலவு ஏறுகின்றது. இத்தொழிலுக்கு வரும் இளைஞர் பல நாடுகளிற் குறைந்து வருகின்றனர். இவற்றைத் தாங்கமாட்டாத சிறு வீடுகள் ஒன்றோடொன்று இணைகின்றன. அல்லது பல நாட்டுச் சுயாதீன நிறுவனங்கள் சேர்ந்த கூட்டமைப்புக்களிற் புகுகின்றன. அமெரிக்காவிலே 2021 முதலாகத் தனியார் முதலீட்டு நிதிகள் கணக்காளர் நிறுவனங்களில் பணம் இடுகின்றன. சட்டம் கணக்காய்வைக் கணக்காளர் கையிலேயே வைத்திருப்பதால், நிறுவனத்தை இரண்டாக்கி, ஆலோசனைப் பகுதியை முதலீட்டாளர் வாங்குகின்றனர். சில ஆண்டுகளில் இலாபத்துடன் விற்றுச் செல்ல எண்ணும் பணம், தலைமுறைகளாகத் தேடிய பெயரை எவ்வாறு நடத்தும் என்பது இனிமேற்றான் தெரியவேண்டும்.

முன்னர் நூற்றுக்குச் சில பற்றுச்சீட்டுக்களையே எடுத்துப் பார்த்த கணக்காய்வாளர், இன்று கணனியின் துணையால் பதிவுகள் அனைத்தையும் ஒருங்கே அலசலாம். பொருந்தாத பதிவினைப் பொறி சுட்டிக்காட்டும். இது பெரும் பேறே. ஆனால் நாம் கண்ட வீழ்ச்சிகள் பலவற்றிலே குறை, கூட்டலில் இல்லை. கண்டதைக் கேட்கவும், கேட்டதற்கு விடை வராதபோது ஒப்பமிட மறுக்கவும் வேண்டிய துணிவிலேயே குறை இருந்தது. அத்துணிவைப் பொறி தராது.

வள்ளுவர் நடுவுநிலைமைக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். தராசுக்கோலை அதிலேதான் அவர் உவமையாக நிறுத்தினார். வாணிகரையும் அதிலேதான் விளித்துப் பேசினார். தராசின் அழகு, தன்னைப் பிடித்திருப்பவன் பக்கம் சாயாமையே. மூன்று நூற்றாண்டாக வாணிக உலகம் சட்டங்களாலும் சபைகளாலும் செய்ய முயல்வது, கூலி கொடுப்பவன் பக்கம் சாயாத ஒரு கோலையே.

அடுத்த முறை உங்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திலே கணக்கறிக்கை வாசிக்கப்படும்போது, தேநீர்க் கோப்பையைச் சற்றே கீழே வையுங்கள். இறுதி வாக்கியத்தைக் கேளுங்கள். கையொப்பமிட்டவர் யார், எத்தனை ஆண்டாக அவரே வருகின்றார், வேறென்ன பணிக்காகச் சங்கம் அவருக்குப் பணம் கொடுக்கின்றது என்று எழுந்து வினவுங்கள். கணக்காய்வு கேட்டலிலே பிறந்த தொழில். அதனைக் கேட்போர் உள்ளவரையே அதற்கு உயிர் உண்டு.